டெயில் லேம்ப் உடைந்த லாரியும் பாலிசியின் பின்பக்கமும்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஊர் நாமக்கல் பக்கம், பதினைந்து வருடமாகப் பெங்களூரில் இருக்கிறேன். சொந்தமாக ஆறு சக்கர லாரி ஒன்று வைத்து பீன்யாவிலிருந்து ஓசூருக்கும் சேலத்துக்கும் இரும்புச் சாமான் ஏற்றுகிறேன். நானே ஓட்டுகிறேன். போன வாரம் நெலமங்கலா தாண்டி டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது, ரிவர்ஸ் எடுத்த டிப்பர் ஒன்று பின்னால் இடித்துவிட்டுப் போய்விட்டது. வலது டெயில் லேம்ப் நொறுங்கிவிட்டது. பின்பக்கத் தடுப்புக் கம்பி உள்ளே வளைந்துவிட்டது. லோடு பாடியில் ஒரு நெளிசல். முன் கண்ணாடியில் கிளீனர் பக்கம் ஏற்கெனவே ஒரு விரிசல் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்யப் பட்டறையில் 22,000 ரூபாய் சொல்கிறார்கள். வண்டி மூன்று நாள் நின்றால் கையில் இருக்கும் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். வண்டி ஓடத்தானே செய்கிறது. இப்படியே ஒரு மாதம் ஓட்டினால் சட்டப்படி என்ன ஆகும்? மூன்று வருடமாக கிளெய்ம் எதுவும் போடவில்லை. இப்போது போடலாமா?
– பெயர் வேண்டாம், பீன்யா

பதில்: 'வண்டி ஓடத்தானே செய்கிறது' என்பது லாரி வைத்திருக்கிற எல்லோரும் சொல்வதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு பார்ப்பது வேறு. அடி பெரிதா, சின்னதா என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் குறையால் ரோட்டில் மற்றவர்களுக்கு ஆபத்து வருமா? அது உங்களுக்குத் தெரியுமா, அல்லது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? இவ்வளவுதான். 'கவனிக்கவில்லை சார்' என்று சொல்லித் தப்பிக்க அதனால் வழியில்லை. உங்களுக்கு அந்த வழி சுத்தமாகவே இல்லை, எனக்குக் கடிதமே எழுதிவிட்டீர்கள்!

இப்போது உங்கள் வண்டியில் உள்ள நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். லோடு பாடி நெளிசலை மறந்துவிடுங்கள். தகரம் கிழிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் பிரச்சினை. கண்ணாடி விரிசல் கிளீனர் பக்கம் என்கிறீர்கள். முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, ஒரே அடியில் உதிர்ந்துவிடாது. ஆனால் லாரி அதிர்கிற அதிர்ச்சிக்கு விரிசல் ஒரே இடத்தில் நிற்காது, மெல்ல டிரைவர் பக்கம் நகரும். எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் அதில் பட்டுச் சிதற ஆரம்பித்தால் அப்புறம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. விரிசல் முனையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோட்டைத் தாண்டுகிறதா என்று தினமும் காலையில் தெரிந்துவிடும்.

டெயில் லேம்பும் தடுப்புக் கம்பியும் அப்படி இல்லை. பின்னால் வருகிற பைக்காரருக்கு இரவில் உங்கள் லாரி கண்ணில் படுவதே இரண்டு சிவப்பு விளக்காலும், ஒளிர்கிற சிவப்புப் பட்டையாலும்தான். வலது பக்கம் அணைந்துவிட்டால், இடது பக்கம் எரிகிற ஒற்றை விளக்கைப் பார்த்து 'ஏதோ ஆட்டோ போகிறது' என்று நினைத்து உங்கள் வலது மூலையிலேயே வந்து மோதுவார். அப்படி மோதுகிற வண்டி லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்கத்தான் அந்தக் கம்பி. கார் வந்து மோதினால் அதன் முன்பக்கம் முதலில் கம்பியில்தான் படவேண்டும். கம்பி உள்ளே வளைந்திருந்தால், லாரியின் பாடி நேராகக் காரின் கண்ணாடி உயரத்துக்கு வந்துவிடும். இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

சட்டப்படி என்ன ஆகும் என்றால், ஆபத்தான குறையோடு ஓட்டினால் ரூ.1,500 அபராதம். 2019 திருத்தத்துக்கு முன்னால் அதிகபட்சமே 250 ரூபாய்தான். அந்தக் குறையால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். திரும்பவும் நடந்தால் ஆறு மாதம், ரூ.10,000 என்று ஏறும். கோர்ட்டுக்குப் போகாமல் ஸ்பாட்டிலேயே கட்டி முடிக்கிற சமரசத் தொகையை மாநில அரசு தனியாக அறிவிக்கும். அது இதிலிருந்து மாறலாம்.

கூடவே எஃப்.சி.யையும், அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழையும், யோசியுங்கள். வண்டி தகுதியாக இல்லை என்று தெரிந்தால், தேதி பாக்கி இருக்கும்போதே காரணத்தை எழுதிவைத்து எஃப்.சி.யை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எஃப்.சி. போனால் சட்டத்தின் கண்ணில் உங்கள் வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷனே இல்லை என்று அர்த்தம். அதற்கான அபராதம் முதல் தடவையிலேயே 2,000-லிருந்து 5,000 வரை. வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். எட்டு வருடம் தாண்டிய லாரி என்றால் வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசின் வாகன ஆய்வாளர், முதலில் குனிந்து பார்ப்பது இந்தப் பின்பக்கத்தைத்தான்.

ஆனால் என் கவலை 1,500 ரூபாயைப் பற்றி இல்லை. உங்கள் பாலிசியைக் கையில் எடுங்கள். முதல் பக்கத்தில் பிரீமியம், ஐ.டி.வி. (வண்டிக்குக் கம்பெனி போட்டிருக்கிற மதிப்பு) எல்லாம் இருக்கும். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். பின்னால், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். அதில் ஒன்று ஏறக்குறைய இப்படிச் சொல்லும்: வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு, அடிபட்ட பிறகு, தேவையான ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால், அதனால் சேதம் கூடினாலும் புதிதாகச் சேதம் வந்தாலும் அது முழுக்க உங்கள் தலையில். நம் நாட்டின் மோட்டார் பேக்கேஜ் பாலிசியில் வழக்கமாக இருக்கிற வாசகம் இது. நிபந்தனைப் பக்கத்தைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தப்பாவிடம் டாடா 407 என்ற சின்ன லாரி ஒன்று இருந்தது, கலாசிபாளையத்தில் பார்சல் ஏற்றுவார். ஒரு நாள் பின் மூலையில் லேசாக அடி. 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்டா' என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். அப்புறம் ஒரு மழை நாளில், அதே மூலையில் ஒரு பஸ் பலமாக இடித்தது. கிளெய்ம் போட்டோம். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்தார், கையில் ஒரு நோட்டு, காதில் பேனா. வளைந்து கிடந்த பிராக்கெட்டில் சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் துரு. 'இது நேத்திக்கு வளைஞ்ச இரும்பு இல்லையே அண்ணா' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. லிஸ்ட்டில் மூன்று ஐட்டத்தை அடித்துவிட்டார். பழைய அடி எது, புது அடி எது என்று பிரித்துக் காட்ட எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. இரண்டாவது அடிக்குத் தரவேண்டிய பணமும் பாதியாகிவிட்டது.

மூன்றாம் நபர் விஷயம் வேறு. உங்கள் லாரியால் வேறொருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், 'வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை' என்று சொல்லி கம்பெனி நஷ்டஈட்டை மறுக்க முடியாது. எந்தெந்தக் காரணத்துக்கு மறுக்கலாம் என்று சட்டமே எண்ணி வைத்திருக்கிறது, அந்தக் கணக்கில் இது இல்லை. ஆனால் எஃப்.சி.யோ பர்மிட்டோ இல்லாத வண்டி என்றால், 'முதலில் நீ கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கொள்' என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. அந்த உரிமையாளர் நீங்கள்தான்.

இனி, இந்த 22,000-க்கு கிளெய்ம் போடலாமா? போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். மூன்று வருடம் கிளெய்ம் இல்லை என்றால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி, 35 சதவீதத்தில் இருப்பீர்கள். அடுத்த ரினியூவலில் 45, அதற்கடுத்து 50. இப்போது போட்டால் பூஜ்யத்துக்கு வந்து, அதற்கடுத்த வருடம் 20-இல் தொடங்கும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் 13,500 கைவிட்டுப் போகும், அதற்கடுத்த வருடம் 9,000. மொத்தம் 22,500. வருகிற பணத்தை வலது கையில் வாங்கி இடது கையில் கொடுக்கிற கதை. அதுவும் முழுதாக வராது. சரக்கு வண்டி பாலிசியில் விளக்கு, பம்பர், மட்கார்டு, டயர், பெயின்ட் ஆகியவற்றின் சேதம், வண்டி மொத்தமாகப் போனால் தவிர, கணக்கில் சேராது. 'ஐ.எம்.டி. 23' என்ற கூடுதல் கவரைக் காசு கொடுத்து எடுத்திருந்தால்தான் சேரும், அப்போதும் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் முதலில் கைவைப்பது இதில்தான். உங்கள் பாலிசியில் 23 என்ற எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

டிப்பர் நம்பர் கிடைத்திருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் கேட்க வழி உண்டு, உங்கள் போனஸும் தப்பிக்கும். டீக்கடை கேமராவில் பதிவாகியிருக்கலாம், ஒரு நடை போய்க் கேளுங்கள். நம்பர் கிடைத்தால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் வண்டியை நிறுத்தத் தேவையில்லை. ஜே.சி. ரோட்டில் டெயில் லேம்ப் கிடைக்கும், மாட்டுவது சின்ன வேலை. அதை இன்றே முடியுங்கள், ஒளிர்பட்டையும் கிழிந்திருந்தால் கூடவே ஒட்டிவிடுங்கள். தடுப்புக் கம்பிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 'சூடு காட்டி நிமிர்த்திடலாம்ணா' என்று பட்டறையில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மாற்றிவிடுங்கள். அதுவரை ராத்திரி லோடு வேண்டாம். பாடி நெளிசலும் கண்ணாடியும் கையில் காசு வரும்போது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: நான் சம்பள டிரைவர். பிரேக் ஏர் லீக் ஆகிறது என்று ஓனரிடம் இரண்டு தடவை சொன்னேன். 'இந்த ட்ரிப் மட்டும் போயிட்டு வாப்பா' என்கிறார். அத்திப்பள்ளியில் 'காடி சைடிகெ ஹாக்கு' என்று போலீஸ் நிறுத்தினால் கேஸ் யார் மேல்?
– பொம்மசந்திரா

பதில்: இரண்டு பேர் மேலும் வரலாம் தம்பி. 190-ஆவது பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைத்தவரையும் ஓட்ட விட்டவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் யாராவது இறந்துபோனால் முதலில் ஸ்டேஷனில் உட்காருவது நீங்கள்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பிரேக் கோளாறு முன்பே தெரிந்திருந்தும் ஓட்டினீர்கள் என்றால் அது உங்களுக்கு எதிராகவே பேசும். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. ஏர் மீட்டர் முள் இறங்குவதைப் பத்து விநாடி வீடியோ எடுத்து, 'அண்ணா, பிரேக் பார்த்தால்தான் வண்டி எடுக்க முடியும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டெயில் லேம்ப் என்றால் பகலில் பட்டறை வரை ஓட்டிப் போ என்பேன். ஏர் பிரேக் லீக்கில் அந்தச் சலுகைகூட இல்லை, மெக்கானிக்கை வண்டி நிற்கிற இடத்துக்கு வரச்சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஒரு பழைய வண்டி டீலரிடம் 9 லட்சத்துக்கு லாரி வாங்கினேன். 'முன்னாடி சின்ன அடி, பம்பர் மட்டும் மாற்றினோம்' என்றார். இரண்டு மாதத்தில் டயர் ஒரு பக்கம் தேய, பார்த்தால் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) வெல்டிங். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? லாரி தொழில் வண்டி, அதனால் முடியாது என்கிறார்கள்.
– யஷ்வந்த்பூர்

பதில்: போகலாம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவருக்கு அந்தத் தடை பொருந்தாது. லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அது மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பத்து லாரி ஓடுகிற டிரான்ஸ்போர்ட் முதலாளி என்றால் கதை வேறு.

விற்றவர் டீலர் என்பது உங்களுக்குச் சாதகம். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்த லாரியை விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம், சிவில் கோர்ட்தான். 'பம்பர் மட்டும்' என்று அவர் சொன்னது வாட்ஸ்அப்பிலோ விளம்பரத்திலோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். வெல்டிங்கைத் தேய்த்து பெயின்ட் அடிக்க விடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. தெரிந்த பட்டறைக்காரரின் வாய்வார்த்தை போதாது, வண்டி தயாரித்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். டீலருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரும் பதியலாம், சிலர் அதற்கே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயேதான், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சேசிஸ் வெல்டிங்கோடு வண்டியை ஓட்டாதீர்கள், மேலே சொன்ன 190 உங்களுக்கும் உண்டு. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கச் சட்டம் கொடுப்பது வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாள், அது உங்களுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. நாளைக் காலையிலேயே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போங்கள்.