குடும்பத்தில் ஒருத்திக்குச் சட்டம் எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக ஒரு அம்மா வேலை செய்கிறார். பாத்திரம் தேய்ப்பது, பெருக்கித் துடைப்பது, இரண்டு மணி நேர வேலைதான். மாதம் 2,500 ரூபாய் தருகிறோம். தீபாவளிக்குப் புடவை, ஒரு மாதச் சம்பளம் போனஸ். மாதத்தில் இரண்டு நாள் லீவு; அதைத் தாண்டினால்தான் பிடிப்போம். குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் பார்க்கிறோம். இப்போது வீட்டு வேலைக்கும் சட்டம் வேண்டும், சங்கம் வேண்டும் என்கிறார்கள். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து என் சமையலறையை எட்டிப் பார்ப்பாரா? நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும் உறவுக்குள் சட்டம் எதற்கு?
(ஒரு வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: ஒன்பது வருடம் ஒருவர் ஒரே வீட்டுக்கு வருகிறார் என்றால், அந்த வீட்டில் அவரிடம் கடுத்துப் பேசுகிறவர்கள் இல்லை என்றுதான் அர்த்தம். அதை நம்புகிறேன். இருந்தாலும், நீங்கள் எழுதியதை வைத்தே ஒரு கணக்குப் போட்டுவிடுவோம்.

லீவு போக 28 நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். 56 மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் என்றால் மணிக்கு 44 ரூபாய் 64 காசு. குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டிய வேலைகளின் பட்டியலில் வீட்டு வேலையைத் தமிழ்நாடு அரசு 2007-ல் சேர்த்தது. அந்தக் கூலி எவ்வளவு என்று சொல்ல 2018 ஆகிவிட்டது. அப்போது சொன்னது மணிக்கு 40 ரூபாய்க்கும் கீழே. நீங்கள் இன்று தருவது, அன்றைக்கு வைத்த அந்த அடிமட்டக் கூலிக்குச் சில ரூபாய்தான் மேலே. அடுத்தது லீவு. உங்கள் வீட்டில் அலுவலகம் போகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருடத்துக்கு 52 வரும். இந்த அம்மாவுக்கு மொத்தமே 24.

குடும்பத்தில் ஒருத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது நாளும் காய்ச்சல் விடவில்லை என்பதற்காகச் சம்பளம் பிடிக்கிற குடும்பம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். பத்துப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். நாங்கள் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. என் அம்மா பதறிப்போய் ரிக்‌ஷா வைத்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் 200 ரூபாய் கொடுத்தார். ஒரு வாரம் தூக்குச் சட்டியில் சாப்பாடு போயிற்று. அம்மா அன்றைக்கு அழுததை நான் பார்த்தேன். அது பொய் அழுகை இல்லை.

மூன்றாவது வாரம் வேறு ஆள் வந்துவிட்டார். பாத்திரம் சேர்ந்துகொண்டே இருந்தால் என்ன செய்வது? ஒன்றரை மாதம் கழித்து, கட்டுப் பிரித்த கையோடு பெரியம்மா கொல்லைப்பக்கம் வந்து நின்றார். விரல்கள் முழுசாக மடங்கவில்லை. "வேற ஆள் போட்டாச்சு பெரியம்மா" என்று அம்மா தணிந்த குரலில் சொன்னார். காப்பி கொடுத்தார். பெரியம்மா குடித்துவிட்டு, தம்ளரை இடது கையாலேயே கழுவி, துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் எங்கே வேலை செய்தார், எப்படிச் சாப்பிட்டார் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.

அதே பெரியம்மா ஒரு மில்லில் வேலை செய்து அங்கே விழுந்து கை போயிருந்தால், 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின்படியே நஷ்டஈடு கேட்டிருக்கலாம். விழுந்தது எங்கள் கிணற்றடி. அதனால் கிடைத்தது 200 ரூபாயும் ஒரு வாரச் சாப்பாடும். என் அம்மாவின் நல்ல மனசு எவ்வளவு தூரம் வந்ததோ அவ்வளவுதான் பெரியம்மாவுக்குக் கிடைத்தது. நீங்கள் கேட்ட "சட்டம் எதற்கு" என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் கிணற்றடிதான். உறவு நல்லபடியாகப் போகும் நாளில் யாருக்கும் சட்டம் தேவைப்படாது. கை முறிகிற நாளில், கர்ப்பமாகிற மாதத்தில், நகை காணாமல் போகிற காலையில்தான் அது தேவைப்படும்.

தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒன்று நடந்தது. மரியா மஹ்லாங்கு என்ற பெண் ஒரே வீட்டில் 22 வருடம் வேலை செய்தார். கண் பார்வை மங்கியவர், நீச்சல் தெரியாதவர். 2012-ல் அந்த வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோனார். மகள் நஷ்டஈடு கேட்டார். வேலையில் அடிபடுகிறவர்களுக்கான சட்டத்தில் வீட்டு வேலை செய்கிறவர் சேர்த்தியில்லை என்று பதில் வந்தது. அந்த மகள் விடவில்லை. 2020 நவம்பரில் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், வீட்டுத் தொழிலாளர்களை மட்டும் வெளியே நிறுத்தியது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு நிற்காமல், இந்த உரிமை 1994 ஏப்ரலிலிருந்தே இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. பழைய விபத்துகளுக்கும் கதவு திறந்தது. தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் மடங்காத விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

நம் நாட்டில் வீட்டு வேலைக்கென்று சட்டம் கேட்பது நேற்று ஆரம்பித்த பேச்சு இல்லை. 1959-லேயே நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அதற்குப் பின்னும் சில வந்தன. ஒன்றும் சட்டமாகவில்லை. 2011 ஜூன் 16 அன்று ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வீட்டுத் தொழிலாளர்களுக்கான 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. ஆனால் அதை ஏற்று அமல்படுத்துகிறோம் என்று இதுவரை கையெழுத்துப் போடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த நிலைமையை எடுத்துச் சொல்லி, ஒரு நிபுணர் குழு அமைத்துச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பார்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் தொழில் உறவுகள் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். "தொழில்" என்றால் என்ன என்று விளக்கம் சொல்லும் இடத்தில், வீட்டு வேலை அதில் சேராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். திடீரென்று நாளையிலிருந்து வராதே என்று ஒருவரை நிறுத்தினால், ஆலைத் தொழிலாளி போகிற தொழில் தீர்ப்பாயத்துக்கு அவர் போக முடியாது.

சரி, இன்ஸ்பெக்டர் பயத்துக்கு வருவோம். அந்த 189-வது உடன்படிக்கை இதை யோசிக்காமல் விடவில்லை. எந்த நிபந்தனையில் ஒரு வீட்டுக்குள் நுழையலாம் என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும், குடும்பத்தின் அந்தரங்கத்தை மதித்துத்தான் அது நடக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தவிர, வீடு என்பதற்காகச் சட்டம் வாசலில் நின்ற காலம் போய்விட்டது. மனைவியை அடித்தால் 2005-ம் வருடச் சட்டம் உள்ளே வரும். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பதற்கு 2006-லேயே தடை வந்துவிட்டது. வேலையிடத்தில் பெண்களிடம் பாலியல் தொல்லை செய்வதைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டம், வீட்டையும் வேலையிடம் என்றே சொல்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண், மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குழு எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவுக்குத் தெரியுமா? நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் அதற்கு வேலை இருக்காது. அவர் போகும் மற்ற வீடுகளைப் பற்றி உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நகை காணாமல் போகிற காலை என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். செயினைக் காணோம் என்றதும் முதலில் யாருடைய பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் அது தலையணை உறைக்குள்ளோ வாஷிங் மெஷினிலோ கிடைக்கும். பையைத் திறந்து காட்டியவர் மறுநாளும் அதே வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க வேண்டும். ஒரு பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது என்பது சட்டம். இதை அந்த நேரத்தில் எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். சங்கம் என்று நீங்கள் பயப்படுவது அந்த ஆளைத்தான்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 1982-ம் வருடத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. சும்மா வரவில்லை, பெண்கள் வருடக்கணக்கில் தெருவில் நின்று கேட்டு வாங்கியது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, மரணம் இவற்றுக்கு உதவித் தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. ஆனால் கட்டுமானத் தொழிலாளர் வாரியத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கட்டடம் கட்டுகிறவர் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை அந்த வாரியத்துக்குக் கட்டியாக வேண்டும். அதனால் அங்கே பணம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் நாம் இந்த வாரியத்துக்கு ஒரு பைசா கட்டுவதில்லை. கட்டச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. சட்டம் வந்தால் கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

2020 ஊரடங்கின்போது ஏப்ரல், மே சம்பளத்தை அவருக்குக் கொடுத்தீர்களா? கொடுத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேனை விட்டு உள்ளே வராதே என்று நிறுத்திவிட்டு, வராத நாளுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று கேட்ட வீடுகளும் உண்டு. அந்த வீடுகளைப் போய்க் கேட்க எந்த அதிகாரிக்கும் எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. நான்கு வீட்டில் ஒரு வீடு கொடுத்து மூன்று வீடு கொடுக்கவில்லை என்றால், பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ இருக்கும் ஒரு குடும்பம் அந்த மாதம் எதை வைத்துச் சமைத்திருக்கும்?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, வருடா வருடம் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று எழுதுங்கள். வாரம் ஒரு முழு நாள் லீவு. உடம்புக்கு முடியாத நாளுக்குப் பிடித்தம் இல்லை. நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கும் சம்பளம் உண்டு. நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்வீர்கள். உங்கள் வீட்டில் அடிபட்டால் வைத்தியச் செலவும், குணமாகும்வரை சம்பளமும் உங்களுடையது. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்வதையும் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முன்னால் சொன்ன நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலருடைய அட்டை புதுப்பிக்காமல் செல்லாமல் போயிருக்கிறது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் அவரிடமே இருக்கும். இன்ன வேலை செய்கிறார் என்பதற்கான சான்றுக்குத்தான் அலைய விடுவார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட நிறையப் பேர் தயங்குகிறார்கள், நாளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று. நீங்கள் போடுங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க அவர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பிள்ளையை உட்கார வைத்தால் அரை மணி நேர வேலை.

அந்த அம்மாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்றால் இந்த வாரமே உட்காருங்கள். அட்டை வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.