பாலமும் ரோடும் வந்த பிறகும் படுவான்கரைச் சனம் போக்குவரத்துக் கஷ்டம் என்று சொல்வது ஏன்? ஊராக என்ன செய்யலாம்?

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். அதற்கு முன் வாவியைக் கடக்கப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற வேண்டும். பாதை ஓடாத நேரத்தில் நோயாளியை வைத்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வலையிறவு வழியாகச் சுற்ற வேண்டும். அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

ஆனால் பாலத்தைக் கடக்க ஒரு வாகனம் வேண்டுமே. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தாலும் அது காலையிலேயே வேலைக்குப் போகிறவரோடு போய்விடும். மிச்சப் பேர் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கஷ்டத்தை அளக்க 16 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். போக வழியில்லாமல் ஒரு பயணத்தைக் கைவிட்டீர்களா? வேளைக்கே போய்க் காத்துக் கிடந்தீர்களா? ஏற்றிப் போகச் சொல்லிக் கேட்டால் மற்றவருக்குத் தொல்லையாகுமே என்று யோசித்தீர்களா? இப்படித்தான் கேட்கிறார்கள். 2018இல் எடுத்த கணிப்பில் அந்த நாட்டிலேயே வயது வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இந்தக் கஷ்டம் இருந்தது.

எங்களுக்கும் இந்தக் கேள்விகள்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ரோட்டைக் கிலோமீற்றரில் எண்ணினால் எங்கள் கஷ்டம் தெரியாது. பக்கத்து வீட்டு மாமிக்குச் சீனி வருத்தம். கிளினிக் நாளில் முதல் பஸ் வராவிட்டால் ஓட்டோதான் பிடிக்க வேண்டும். கையில் காசில்லாவிட்டால், "அடுத்த மாதம் பார்ப்பம் மகன்" என்று இருந்துவிடுவா. மருந்து இடையில் முடிந்துபோகும். அவ வராதது மட்டும்தான் கிளினிக்கில் தெரியும், ஏன் வரவில்லை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஏ.எல். படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். பின்னேர வகுப்பு முடிய பஸ் இல்லையென்றால் அந்தப் பாடத்தையே விட்டுவிடுகிறார்கள்.

மாரி வந்தால் இது உயிர்ப் பிரச்சினை. 2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டம் காரைதீவு மாவடிப்பள்ளியில், வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பல பிள்ளைகள் இறந்தார்கள். வெள்ள நாளில் பிள்ளைகளை எப்படி வீடு சேர்ப்பது என்பதை மழை தொடங்குமுன்னே பாடசாலையும் பிரதேச செயலகமும் சேர்ந்து முடிவெடுத்து வைக்க வேண்டும்.

சரி, ஊராகச் செய்யக்கூடியது என்ன? மாதர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ ஒரு கொப்பி வையுங்கள். யார், எந்த நாள், எங்கே போக முடியாமல் போனது, ஏன் என்று ஒரு மாதம் எழுதுங்கள். "எங்களுக்குப் பஸ் வேணும்" என்று மகஜர் கொடுத்தால் அது கோப்புக்குள் போய்விடும். "செவ்வாயும் வெள்ளியும் கிளினிக், காலை முதல் பஸ்ஸை அரை மணி முந்தி விடுங்கள், இத்தனை பேர் ஏறுவோம்" என்று கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும். இ.போ.ச. (அரச) பஸ் என்றால் டிப்போவின் சாலை முகாமையாளரிடமும், தனியார் பஸ் என்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையிடமும் கொடுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். பிள்ளைகளுக்குச் 'சிசு சரிய' என்கிற பாடசாலை மாணவர் பஸ் கேட்பதென்றால் அதிபரின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பஸ் மட்டும்தான் வழி என்றில்லை. தூரத்து ஊர்க்காரருக்குக் கிளினிக்கில் பிந்திய நேரத்து இலக்கம் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை, பொறுப்பான தாதியிடம் பேசினாலே போதும். ஒரே கிளினிக்குக்குப் போகும் நாலைந்து பேர் ஓர் ஓட்டோக்காரரோடு மாதக் கணக்குப் பேசிக்கொள்ளலாம். கொப்பியில் பெயர்கள் இருந்தால் யார் யாரைச் சேர்ப்பது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.