புதிய புரொசஸர் வாங்கும் முன் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: தலவாக்கலையில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். டைப்பிங், போட்டோகொப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5 மெஷின். இன்டெலின் புதிய கோர் அல்ட்ரா புரொசஸர் போட்டால் இரண்டு மடங்கு வேகம் என்கிறார் ஒருவர். கடன் வாங்கியாவது எடுக்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். மெஷினை மாற்றத்தான் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். நன்றாக ஓடுகிற மெஷினை இப்படி மூலையில் போட வைப்பது அநியாயம்தான்.

ஆனால் அதற்காகப் புத்தம்புதிய தலைமுறை எதற்கு? பெட்டியில் போடும் சதவீதத்தை நம்பாதீர்கள். 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 புரொசஸர் வந்தபோது சராசரி 16 சதவீத முன்னேற்றம் என்றது, இன்டெலின் போட்டி கம்பெனியான ஏஎம்டி. கேம்களில் சோதித்தவர்களுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. அந்த அக்டோபரில் வந்த டெஸ்க்டொப் கோர் அல்ட்ரா, பல கேம்களில் இன்டெலின் முந்தைய 14ஆம் தலைமுறையிடமே தோற்றது. டிடிஆர்5 ரேம், புது மதர்போர்ட் என்று செலவு வேறு. வேர்டில் கடிதம் அடிக்க இதெல்லாம் தேவையே இல்லை. 12ஆம் தலைமுறை ஐ3, 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி தாராளம்.

அப்புறம், "கொழும்பிலிருந்து இறக்கித் தருகிறேன்" என்று வரும் தரகர்கள். ஐ7 ஸ்டிக்கரைக் காட்டியே தலையில் கட்டிவிடுவார்கள். ஐ7-3770 வந்தது 2012இல். 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு திரெட்தான் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை). ஆனால் வேகத்தில் அந்த ஐ7 கிட்டவும் வராது. ஐ3, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை விட்டால் மிஞ்சுவது தலைமுறை: 3770 என்றால் 3, 12100 என்றால் 12. காசு கொடுக்கும் முன் மெஷினைப் போடச் சொல்லி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் புரொசஸரின் எண்ணை நீங்களே பாருங்கள். வொரண்டிக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மலையகத்தில் வாங்கியதை பஸ்ஸில் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வதற்குப் பெயர் வொரண்டியா?

எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் திரையில் எதுவும் வராது. விலை குறைவு என்பதால் அதைத்தான் நீட்டுவார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர் எப்படியும் கார்ட் போடுவார், அவருக்கு எஃப் பரவாயில்லை என்று தோன்றும். முழுக்கச் சரியில்லை. வீடியோ வேலையை வேகப்படுத்தும் குவிக் சிங்க், இன்டெலின் அந்த உள் கிராபிக்ஸில்தான் இருக்கிறது. கார்ட் பழுதானாலும் உள் கிராபிக்ஸ் இருந்தால் அன்றைய வேலை நிற்காது. நாளைக்குச் சடங்கு வீட்டு வீடியோவும் செய்து கொடுக்கும் யோசனை இருந்தால், எஃப் இல்லாததையே கேளுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்றால் வேறு கடை பாருங்கள்.