லடாக்கின் லே நகரில் இறங்கியதும் மூச்சு வாங்குவது ஏன்? உடல் அதற்கு எப்படிப் பழகுகிறது?

சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவு என்று பலரும் எண்ணுகிறார்கள். விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். அங்கே அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

கழுத்துத் தமனிகளின் அருகிலுள்ள உணர்வுறுப்புகள் இதைச் சில நொடிகளிலேயே அறிந்து மூச்சை ஆழமாக்குகின்றன. இதயமும் வேகமாகத் துடிக்கிறது. ஆனால் மிகையாக மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, இரத்தம் காரத்தன்மை அடைவதால், மூளை மூச்சைக் குறைக்கவே முயல்கிறது. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதற்கு இந்த இழுபறியே காரணம். சிறுநீரகங்கள் காரத்தன்மை தரும் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்யச் சில நாட்கள் பிடிக்கும். முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுக்கச் சொல்வது அதனால்தான்.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனாக சிறுநீரகங்கள் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் சில மணி நேரத்திலேயே உயர்ந்தாலும், சிவப்பணுக்கள் போதுமான அளவு பெருக வாரங்கள் ஆகும். (முதல் நாட்களில் ஹீமோகுளோபின் செறிவு கூடுவது, இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் மட்டுமே.)

ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் சுருங்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. அங்கே அழுத்தம் மிகுந்து நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. ஓய்விலும் மூச்சுத் திணறினால் காத்திருக்காமல், ஆக்சிஜன் கொடுத்து உடனே தாழ்வான இடத்துக்கு இறக்க வேண்டும்.