பாதியில் அறுந்த கோப்பு

கேள்வி: என் உபுண்டு கணினியிலிருந்து வாடகை சர்வருக்கு 6 ஜிபி படங்களை எஸ்சிபி (scp) என்ற நகலெடுக்கும் கட்டளையில் அனுப்புகிறேன். நெட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்தே ஆரம்பிக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. எஸ்சிபிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது. ஒன்றிரண்டு சின்னக் கோப்புகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, இந்த மாதிரி வேலைக்கு ஆர்சிங்க் (rsync) என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதுவும் எஸ்எஸ்எச் (ssh, இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு) வழியாகவே போவதால் இப்போதுள்ள பாஸ்வேர்டே போதும். ஆனால் ஆர்சிங்க் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

கட்டளையை அடுத்து ஒரு சிறுகோடு, அதோடு ஒட்டிச் சின்ன ‘ஏ’, பெரிய ‘பி’ (-aP). ‘ஏ’ போட்டால் உட்கோப்புறைகள், தேதி, அனுமதிகள் எல்லாம் அப்படியே போகும். பெரிய ‘பி’ பாதி போன கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும், எத்தனை சதவீதம் முடிந்தது என்றும் காட்டும். இணைப்பு அறுந்தால் மேல் அம்புக்குறியைத் தட்டி அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்த கோப்புகளை அளவும் தேதியும் பார்த்துத் தாண்டிவிடும். சுருக்கி அனுப்பும் ‘இசட்’ வேண்டாம். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கிய வடிவம்தான்.

சாய்கோட்டில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அனுப்பும் கோப்புறையை ‘படங்கள்’ என்று கொடுத்தால் அந்தக் கோப்புறையே அங்கே போய் உட்காரும். ‘படங்கள்/’ என்று கொடுத்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். இப்படிச் சாய்கோடும் போட்டு, இலக்காகச் சர்வரில் உங்கள் ஹோம் கோப்புறையைக் காட்டி, கூடவே ‘டெலீட்’ விருப்பத்தையும் சேர்த்தால், படங்களைத் தவிர ஹோமில் இருந்த மற்றதெல்லாம் அழியும். தயவுசெய்து முதலில் சின்ன ‘என்’ சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் சொல்லும். அது பட்டியலிட ‘வி’யும் வேண்டும்.

கேள்வி: எங்கள் சர்வரின் போர்ட் (இணைப்பு வாசலின் எண்) 2222. எஸ்எஸ்எச் உள்ளே விடுகிறது; எஸ்சிபி மட்டும் ‘2222 என்ற கோப்பு இல்லை’ என்கிறது.

பதில்: எஸ்எஸ்எச்சில் போர்ட்டுக்குச் சின்ன ‘பி’, எஸ்சிபியிலும் எஸ்எஃப்டிபியிலும் (sftp, கோப்பு அனுப்பும் இன்னொரு கட்டளை) பெரிய ‘பி’. எஸ்சிபியில் சின்ன ‘பி’ என்றால் கோப்பின் தேதியைக் காப்பாற்று என்று பொருள். அதனால் 2222ஐக் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்கிறது. எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் சர்வருக்கு ஒரு சுருக்கப்பெயரும் போர்ட்டும் எழுதிவிட்டால் ஆர்சிங்க் உட்பட எல்லாமே அதைப் படித்துக்கொள்ளும்.

கேள்வி: எஸ்எஃப்டிபியில் நுழைந்தால் ‘வந்த செய்தி மிக நீளம்’ என்ற பிழை வருகிறது. பாஸ்வேர்ட் சரிதான்.

பதில்: சர்வரிலுள்ள உங்கள் பேஷ்ஆர்சி (.bashrc, உள்ளே நுழையும்போது தானே ஓடும் அமைப்புக் கோப்பு) கோப்பில் ‘எக்கோ’ (echo) வரி இருக்கிறதா பாருங்கள். அது அச்சிடும் வரவேற்பு வாசகத்தை எஸ்எஃப்டிபி தனக்கு வந்த தரவு என்று படித்து, முதல் 4 பைட்டை நீளமாக எண்ணிக் குழம்புகிறது. எஸ்எஸ்எச், சர்வர் பெயர், ‘ட்ரூ’ (true) என்று அடித்துப் பாருங்கள். திரையில் ஓர் எழுத்துகூட வரக்கூடாது. வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.