ஆறு மாத ரீஃப் டேங்க்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) கல்லெல்லாம் பச்சை முடிப் பாசி. டெஸ்டில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். என்ன மருந்து போடலாம்?

மருந்து இருக்கட்டும். முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பற்றிப் பேசுவோம். அதை நம்பி எட்டு மாதம் ஏமாந்தவன் நான்.

கிட் பொய் சொல்லவில்லை. தண்ணீரில் மிஞ்சியிருப்பதை மட்டும்தான் அது அளக்கும். பாசிக்கு உரமே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான்; தண்ணீரில் கலந்த கையோடு உறிஞ்சிக்கொள்கிறது. பந்தி முடிந்து காலியான அண்டாவைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சமைக்கவே இல்லை என்று சொன்னால் எப்படி? உங்கள் டேங்க்கில் உரம் நிறைய இருக்கிறது. அது பாசியின் உடம்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

என்னுடையது சென்னையில் 250 லிட்டர் டேங்க். உரம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது முதலில் மாட்டியது தண்ணீர். சமையலறை ஆர்ஓ மெஷினில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன். குடிக்க ருசி வேண்டுமென்று இந்த மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். வடிகட்டும் மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரையும் அது கொஞ்சம் கலந்துவிடும். டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரை வைத்தால் 70. ரீஃப் டேங்க்குக்கு வேண்டியது 0. எங்கள் வெயிலில் தினமும் நாலைந்து லிட்டர் ஆவியாகும், அதை ஈடுகட்ட ஊற்றுவோம். போவது வெறும் தண்ணீர், வருவதிலோ நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் எல்லாம். மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. திருகை மூடிவிட்டு, கடைசியில் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்று மாட்டினேன்.

அடுத்தது தீனி. உறைந்த ஆர்ட்டீமியாவை (மீன் தீனியாகும் சிற்றிறால்) டீ வடிகட்டியில் அலசிப் போடச் சொல்வார்கள். அலசுகிறேன், ஆனால் அதனால் பெரிய மாற்றம் வந்ததாகச் சொல்ல மாட்டேன். தீனியைப் பாதியாகக் குறைத்ததுதான் வேலை செய்தது. மூன்றாவது, டேங்க்கில் அடுக்கியிருக்கும் கல். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும், அதனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். (புதுக் கல்லுக்கு ராமேஸ்வரம் பக்கம் போய் ஒன்று எடுத்து வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கல் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பட்டியலில் இருக்கின்றன. தொடவே வேண்டாம்.)

இப்போது மருந்துக்கு வருவோம். பாசியை டேங்க்குக்குள்ளேயே கொன்றால் அது அழுகி, தின்றதையெல்லாம் தண்ணீரிலேயே கக்கும். மூன்று நாள் போர்வை போர்த்தி இருட்டடித்துப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் முன்னைவிடச் செழிப்பாக வந்தது. கையால் பிடுங்கி வெளியே எறிவதுதான் வழி. ஞாயிறுதோறும் டேங்க் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்து, பிய்த்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, அலசித் திரும்ப வைத்தேன். முதுகு வலிக்கும். ஆனால் எறிகிற ஒவ்வொரு பிடியிலும் கொஞ்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வீட்டை விட்டுப் போகிறது. சம்ப்பில் (டேங்க்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) விளக்கு வைத்துக் கீட்டோ என்கிற பாசியை வளர்ப்பதும் இதே கணக்குதான். வாரம் ஒரு பிடி அறுக்காமல் விட்டால் அதனால் பயனில்லை.

பிடுங்கியபின் மேய வாய் வேண்டும். மேய ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடலில் பெரிய அளவில் பார்த்தார்கள். 1983 ஜனவரியில் பனாமா பக்கம் தொடங்கிய நோயில், பாசி மேயும் நீள்முள் கடல் முள்ளெலிகள் 90 சதவீதத்துக்கு மேல் செத்தன. ஜமைக்காவில் 1980இல் பெரும்புயல் ஒன்று ஏற்கனவே பவளத்தை நொறுக்கியிருந்தது; பாசி தின்னும் மீன்களையும் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1970களின் கடைசியில் பாறையில் பாதியளவு இருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதமானது. மிச்சத்தில் பெரும்பகுதி பாசி. அவ்வளவு பெரிய கடலே மேய ஆளில்லாமல் தவித்தது, நம் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்?

நத்தைகளில் ட்ரோக்கஸ் வாங்குங்கள். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா அப்படியே கிடந்து செத்துப்போகும். நீண்ட முடியை நத்தைகள் அதிகம் தொடாது, குட்டையான துளிரைத்தான் சுரண்டும். அதனால்தான் பிடுங்குவது முதல் வேலை. நம் மீனவர்கள் ஓரா என்று சொல்லும் மீன் இனம் அருமையாக மேயும். ஆனால் முள்ளில் விஷம் உண்டு, வளரப் பெரிய டேங்க் வேண்டும். எனக்கு ப்ளென்னி என்கிற பாசி மேயும் சின்ன மீன் ஒன்று போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓவை அள்ளிப் போட்டேன். பாசி வாடியது, அந்த இடத்தில் குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி படர்ந்தது. டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) என்கிற நுண்ணுயிர். நத்தைகள் பாதி செத்தன. முடிப் பாசியே தேவலை என்று ஆகிவிட்டது. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும், உண்மையான பூஜ்யம் வேண்டாம்.

மருந்தை நான் ஒத்துக்கொள்வது ஒரே இடத்தில்: இழைகள் இறகு மாதிரி இரு பக்கமும் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ் என்கிற வேறு பாசி, பிடுங்கினால் போகாது. அதற்கு ஹாபியில் புழங்குவது ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து, லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம். அந்த நாட்களில் ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிட வேண்டும். ஒரு இழையைப் பிய்த்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு விரித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பின்பக்கக் கண்ணாடியில் இன்னும் ஒரு திட்டு இருக்கிறது. ப்ளென்னி காலையில் அங்கேதான் மேய்கிறது, விட்டு வைத்திருக்கிறேன்.