பால் வடியும் நேரத்தில் ஜெபம்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்குக் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஊர். ரப்பர் பால் வெட்டுகிறேன். புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கிய கையோடு, தினமும் மூன்று மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பதாகத் தீர்மானம் எடுத்தேன். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. முழங்காலில் நின்றால் கட்டிலில் முகம் புதைத்துத் தூங்கிவிடுகிறேன். மனைவி பாறசாலைக்காரி, வேதம் வாசிப்பது மலையாளத்தில். அதனால் குடும்ப ஜெபமும் சேர்ந்து நடப்பதில்லை. என் விசுவாசத்தில்தான் குறையா?

பதில்: விசுவாசத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள், சகோதரரே. நாலு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறவர் அதற்கும் ஒரு மணி நேரம் முன்னால் முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வரும். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது; எல்லாரும் அந்த வசனத்தைத்தான் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் பேதுரு மேல்வீட்டில் ஏறி ஜெபித்தது நடுப்பகலில் (அப்போஸ்தலர் 10:9). அவரும் யோவானும் தேவாலயத்துக்குப் போன ஒன்பதாம் மணி வேளை நம் கணக்குக்கு மாலை மூன்று மணி. தானியேல் தினம் மூன்று வேளை. சங்கீதம் 55:17 'அந்தி சந்தி மத்தியானம்' என்று அந்தியிலிருந்தே தொடங்குகிறது. அதிகாலைதான் ஜெப நேரம் என்று சட்டம் எதுவும் இல்லை.

உங்கள் வேலையிலேயே ஒரு இடைவெளி இருக்கிறது. கடைசி மரத்தை வெட்டி முடித்த பிறகு, பால் சிரட்டையில் வடிந்து நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை பால் எடுக்க முடியாது. பொழுதும் விடிந்திருக்கும், தூக்கமும் தெளிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்வதற்கு முன், தோட்டத்திலேயே ஒரு கல்லில் உட்காருங்கள். தினமும் அதே கல். வெட்டுக்கத்தியைக் கீழே வைப்பதுதான் உங்களுக்கு மணி அடிப்பது.

ஒரு மணி நேரம் வேண்டாம், பத்து நிமிடம் போதும். மூன்று மாதம் அது நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். வேதாகமத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பால் பட்ட விரலால் புரட்டினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முந்தின இரவு ஒரு சங்கீதம் வாசித்து, மனதில் நின்ற ஒரே வசனத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நாளுக்கு ஒன்று என்றால் 150 சங்கீதமும் ஐந்து மாதத்தில் முடியும். 119 மட்டும் 176 வசனம். அது எட்டெட்டு வசனமாக 22 பங்காகவே அமைந்திருக்கிறது, ஒரு நாளுக்கு ஒரு பங்கு எடுங்கள். போனில் வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். வசனத்தைத் திறக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் நாலு வாக்குத்தத்தப் படம் வந்து நிற்கும். அதைப் பார்ப்பதிலேயே பத்து நிமிடமும் போய்விடும்.

கல்லில் உட்கார்ந்ததும் சீட்டு வசனத்தை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்திச் சொல்லுங்கள். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற இடத்தில் நின்று, ரப்பர் ஷீட் விலை, பிள்ளையின் பீஸ், இன்றைக்குத் தேவையானது எதுவோ அதைச் சொல்லுங்கள். 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடத்தில் ஒரு ஆளின் பெயர் வரட்டும். அந்த இடத்தில்தான் ஜெபம் கனக்கும், அவசரப்படாதீர்கள். மற்றவர்களுக்கான ஜெபத்தைக் கிழமைக்குக் கிழமை பிரித்துக்கொள்ளுங்கள்: திங்கள் சொந்தக்காரர், செவ்வாய் நோயாளிகள், இப்படி. நாற்பது பெயரையும் தினமும் சொன்னால் ஒரே வாரத்தில் அது ஆஜர் பட்டியல் ஆகிவிடும். அப்போதும் தூக்கம் வந்தால் எழுந்து மரங்களுக்கிடையே நடந்துகொண்டே ஜெபியுங்கள். முழங்கால் போடுவது நல்ல வழக்கம்தான், ஆனால் நின்று ஜெபித்தவர்களும் வேதத்தில் உண்டு.

இந்தப் பழக்கம் எங்கே அறுந்துபோகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டுகிறவராக இருந்தால் இடைநாள், ஆனி ஆடி மழை, இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி பங்குனி. கத்தி எடுக்காத நாளில் மணியும் அடிக்காது. அந்த நாட்களுக்கு இன்னொரு கல் வேண்டும். காலையில் குடிக்கும் கட்டங்காப்பி (பால் விடாத காப்பி) நல்ல தோது: டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பத்து நிமிடம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இருபது நிமிடம் என்று வட்டி போடாதீர்கள். வட்டி ஏறினால் கடன்காரனைப் பார்த்து ஒளிவதுபோல ஜெபத்துக்கும் ஒளிய ஆரம்பித்துவிடுவோம்.

குடும்ப ஜெபத்துக்கு இரண்டு மொழி தடை இல்லை, ஒருவிதத்தில் வசதி. சங்கீதத்தில் ஒரு வசனம் நீங்கள் தமிழில், அடுத்தது அவர் மலையாளத்தில். காதுக்குப் பழகாத மொழி என்றால் கவனம் தானாகக் கூடும். முடிவில் ஒரு நாள் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே', மறுநாள் 'ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடே பிதாவே'. பாட்டு இரண்டு சரணம், ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம், மொத்தம் பன்னிரண்டு நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள்; சாப்பிட்ட பிறகு என்றால் பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். அப்பாமார் செய்யும் தப்பு இரண்டு: பிரசங்கம் பண்ணுவது, பிள்ளையைத் திட்ட முடியாததை ஆண்டவரிடம் சொல்வது. 'இவனுக்குக் கணக்கில் புத்தியைத் தாரும்' என்று அவன் பக்கத்தில் இருக்கும்போதே ஜெபித்தால், அடுத்த நாள் அவனுக்கு ஜெப நேரத்துக்குச் சரியாக வயிறு வலிக்கும். அதற்குப் பதிலாகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். நீங்கள் மறந்த நாளிலும் அவனே பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான்.